வேலி இல்லாத விடுதி: லுவாங்வா ஆற்றங்கரையில் தங்குவது எப்படி?

சாம்பியாவின் கிழக்குப் பகுதியில், ம்ஃபுவே என்ற சிற்றூரை ஒட்டி விரிகிறது தெற்கு லுவாங்வா தேசியப் பூங்கா. அதற்குள் இருக்கும் ம்ஃபுவே லாட்ஜில், அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வரவேற்பறை ஊழியர்களுக்கு ஒரு வேலை கூடும். உள்முற்றத்தில் நிற்கும் காட்டு மாமரத்தில் பழம் விழத் தொடங்கியதும், யானைக் குடும்பம் ஒன்று படியேறி, வரவேற்பு மேசையை உரசாத குறையாகக் கடந்து போய், பழத்தைத் தின்றுவிட்டு வந்த வழியே திரும்பும். யானைகளின் பழைய தடத்தின்மேல் எழும்பிய கட்டடம் அது. கட்டடம் வந்துவிட்டதே என்று அவை தடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் சாவி வாங்க வந்தவர் தூணுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் சாம்பெசி, சோபே, லுவாங்வா ஆறுகளின் கரையில் உள்ள சிறு விடுதிகள் பலவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். எட்டோ பத்தோ குடில்கள், நடுவில் கூரை வேய்ந்த ஒரு கூடம், எதிரே ஆறு. சுற்றி வேலி கிடையாது. முதல்முறை போகிறவர்கள் ஜீப்பில் சிங்கத்தின் அருகே போவதை எண்ணித்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் ஜீப்பில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பவருக்கு ஆபத்து குறைவு. கவனம் தேவைப்படுவது அறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே உள்ள சில பத்து அடி தூரத்தில்தான். இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதி அந்தத் தூரத்தைப் பற்றியது.

ஆற்றைப் பார்த்துத் தேதி குறிக்கவும்

லுவாங்வா பருவத்துக்குத் தக்கபடி உருமாறும் ஆறு. நவம்பரில் மழை தொடங்கினால் செம்பழுப்பு வெள்ளம் கரை தொட்டு ஓடும். மே மாதத்திலிருந்து நீர் இறங்கி, அக்டோபரில் மணல் திட்டுகளுக்கு நடுவே சில மடுக்கள் மட்டும் மிஞ்சும். மிஞ்சிய மடுக்களில் நீர்யானைகள் நெருக்கியடித்துக் கிடக்கும். குடிக்க வேறு தண்ணீர் இல்லாததால் மற்ற விலங்குகளும் கரைக்கு வந்தே தீர வேண்டும்.

ஜூன், ஜூலை: பகல் இதமாக இருக்கும். விடியற்காலையில் திறந்த வண்டியில் குளிர் எலும்பைத் தொடும். வெப்பநிலை 10 டிகிரி அளவுக்கு இறங்கும். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தான் என்று ஸ்வெட்டர் இல்லாமல் வந்து, வண்டியில் தரும் போர்வைக்குள் சுருண்டு கிடந்து சிறுத்தையைத் தவறவிடுபவர்கள் ஏராளம்.

ஆகஸ்டும் செப்டம்பரும்தான் முதல்முறை வருபவருக்குச் சரியான மாதங்கள். கார்மைன் பஞ்சுருட்டான்கள் கூட்டமாக வந்து, செங்குத்தான ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டிக் கூடு வைக்கும் காலம் இது. கரை முழுவதும் சிவந்துவிடும். அக்டோபரில் விலங்குகள் இன்னும் எளிதாகக் கண்ணில் படும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வயதானவர்களை அழைத்துப்போகும் குடும்பங்கள் அக்டோபரைத் தவிர்ப்பது நல்லது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை காடு பச்சைப்பசேல் என்று இருக்கும், வாடகை குறையும், பறவைகள் கூடும். ஆனால் பாதைகள் சேறாகி உள்காட்டு முகாம்கள் பல மூடியிருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

ஆற்றின் மேற்குக் கரையில் பூங்காவின் பெரும்பகுதி. கிழக்குக் கரையில் ஊர்களும் விலங்குகளும் கலந்திருக்கும் வனமேலாண்மைப் பகுதி. பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகளில் வாடகை அதிகம். கிழக்குக் கரை விடுதியிலிருந்து தினமும் பாலத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். வாடகை குறையும், கரைக்கு வரும் விலங்குகளில் பெரிய குறை இருக்காது. கையைக் கடிக்காமல் போய்வர விரும்புபவருக்குக் கிழக்குக் கரையே போதும். மின்னஞ்சலில் இவற்றைக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளவும்:

1. தினசரிப் பூங்கா நுழைவுக் கட்டணம் வாடகையில் அடங்குமா? தலைக்கு, நாளுக்கு என்று வசூலிக்கப்படும் தொகை இது. நான்கு பேர் நான்கு நாள் தங்கினால் நல்ல தொகை ஆகிவிடும்.
2. காலை, மாலை வண்டிப் பயணங்கள் இரண்டும் சேர்ந்த வாடகையா, அறையும் சாப்பாடும் மட்டுமா?
3. ஒரு வண்டியில் எத்தனை பேர்? ஒரு வரிசையில் மூன்று பேர் என்றால் நடுவில் இருப்பவருக்குப் படம் எடுப்பது திண்டாட்டம்.
4. குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டா? நடைசஃபாரிக்குப் பொதுவாக 12 வயது ஆகியிருக்க வேண்டும். சின்னக் குழந்தைகளையே ஏற்காத முகாம்களும் உண்டு.
5. சைவச் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு? 'சைவம்' என்று மட்டும் எழுதினால் முட்டையும் மீனும் தட்டில் வரலாம். எதெல்லாம் ஆகாது என்று பட்டியலிட்டு அனுப்பவும். சமையல் பொருள்கள் வெகு தொலைவிலிருந்து லாரியில் வருபவை. போய் இறங்கிய பிறகு சொன்னால் சமையல்காரர் பாவம்.

லுசாகாவிலிருந்து ம்ஃபுவேக்குச் சிறிய விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். சாலை வழியே முழுதாக ஒரு நாள் போய்விடும். விமான நிலையத்திலிருந்து பூங்காப் பாலத்துக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம். விடுதி வண்டியே வந்து அழைத்துச் செல்லும்.

பெட்டி கட்டும்போது நடக்கும் தவறுகள்

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம். சிறிய விமானங்களின் சாமான் அறையில் அது நுழையாது. வளைந்து கொடுக்கும் துணிப்பை எடுத்துக்கொள்ளவும். பெரும்பாலான விடுதிகளில் துணி துவைத்துத் தருவார்கள் என்பதால் மூன்று நான்கு செட் போதும்.

நிறத்தில் கவனம் தேவை. கருநீலமும் கறுப்பும் ட்செட்சி ஈயை இழுக்கும். இந்த ஈயை ஏமாற்றிப் பிடிக்க வனப்பகுதிகளில் கட்டித் தொங்கவிடும் பொறிகளே நீலமும் கறுப்புமான துணியால் ஆனவைதான். கடித்தால் ஊசி குத்தியதுபோல் வலிக்கும். ஜீன்ஸ் துணியையும் துளைக்கும். காக்கி, மங்கிய பச்சை, மண் நிறம் நல்லவை. அதற்காக ராணுவப் புள்ளிச்சட்டை வாங்கிவிடக் கூடாது. சாம்பியாவில் பொதுமக்கள் ராணுவ உருமறைப்பு உடை அணிவது சட்டப்படி குற்றம். காட்டுக்குப் போகிறோம் என்று ஆசையாக வாங்கிய தொப்பி, விமான நிலையத்திலேயே சிக்கலைக் கொண்டுவரும்.

மருந்துப் பையில் இன்னொரு பொறி இருக்கிறது. இருமலுக்கும் ஒவ்வாமைக்கும் நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் பெனட்ரில் வகை மருந்துகளில் டைஃபென்ஹைட்ரமின் இருந்தால், சாம்பியாவில் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள். வைத்திருந்த பயணிகள் கைதாகியிருக்கிறார்கள். மருந்துப் பெட்டியில் உள்ள ஒவ்வொன்றின் உட்பொருளையும் படித்துப் பார்க்கவும். தேவையான மாத்திரைகளை அசல் அட்டையிலேயே, மருத்துவர் சீட்டோடு கொண்டுபோகவும்.

மற்றபடி: தலையில் மாட்டும் டார்ச், 8x42 அளவு பைனாகுலர், முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் பழகிய ஷூ. புது ஷூ வேண்டாம். பிரிட்டிஷ் வகை மூன்று சதுர முனை பிளக்குக்கு அடாப்டர் ஒன்று. பல விடுதிகளில் சூரிய மின்சாரம்தான்; ஹேர் டிரையரும் வாட்டர் ஹீட்டரும் அங்கே உதவா. டிரோனை வீட்டிலேயே விட்டுவிடவும். தேசியப் பூங்காவில் முன் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது.

> குறிப்பு: டாலர் நோட்டுகள் கிழிசல், கிறுக்கல் இல்லாமல், புதிய வரிசையாக இருக்கட்டும். பழைய நோட்டை வாங்க மறுப்பது அங்கே வழக்கம்.

மலேரியா: தள்ளிப்போடக் கூடாத வேலை

லுவாங்வா பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் மலேரியா உண்டு. அதுவும் ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகை. குளோரோகுயின் அங்கே தடுப்பு மருந்தாகப் பயன்படாது. மருத்துவர்கள் வழக்கமாகத் தருபவை அடோவாகுவோன்–புரோகுவானில் கூட்டு மாத்திரை அல்லது டாக்ஸிசைக்ளின். இரண்டையும் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்க வேண்டும். திரும்பிய பிறகு முதலாவதை 7 நாளும், இரண்டாவதை 4 வாரமும் தொடர வேண்டும். டாக்ஸிசைக்ளின் சாப்பிடுபவருக்கு வெயிலில் தோல் சீக்கிரம் கன்றிவிடும். எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாகவே பார்த்துவிடவும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டுமா என்பது எந்தெந்த நாடு வழியாகப் போய்த் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். சென்னைவாசிகள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் விசாரிக்கலாம்.

பயணக் காப்பீட்டில், நோயாளியை விமானத்தில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அடங்குமா என்று பார்க்கவும். அடங்காத பாலிசியால் இங்கே பயன் குறைவு.

வந்து சேர்ந்த முதல் ஒரு மணி நேரம்

விடுதி மேலாளர் கையில் குளிர்பானத்தைக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பு விளக்கம் சொல்லத் தொடங்குவார். களைப்பில் தலையை ஆட்டிவிட்டு, பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துபோவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

1. "முலி ப்வாஞ்சி" என்று வணக்கம் சொல்லவும். "ந்திலி ப்வினோ" என்று பதில் வரும். ஊழியர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். இந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு பேச்சின் தொனியே மாறிவிடும்.
2. இரவில் காவலாளியை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்கவும். விசிலா, டார்ச்சா, வாக்கி டாக்கியா? அறைக்குள் அது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளவும்.
3. பகலில் தனியாக நடக்கக்கூடிய எல்லை எதுவரை என்று கேட்டு, அந்த இடத்தைக் கைகாட்டச் சொல்லவும்.
4. பையில் பழம், பிஸ்கட், முறுக்கு எதுவாக இருந்தாலும் சமையலறையில் ஒப்படைக்கவும். ஆரஞ்சு வாசனைக்கு யானை கூடாரத்தையே கிழித்துக்கொண்டு வரும். காரின் கதவை நெளித்த கதைகளும் உண்டு. பகலில் குரங்கும் பபூனும் காத்திருக்கும். ஜிப்பை முழுதாக இழுத்து மூடாத கூடாரம் அவற்றுக்குத் திறந்த கடை.
5. கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்க்கவும்.

பொழுது போகும் விதம்

நாள் ஐந்து மணிக்குத் தொடங்கும். மேளம் தட்டியோ, குடிலுக்கு வெளியே வெந்நீர் வைத்தோ எழுப்புவார்கள். தணலருகே காப்பியும் கஞ்சியும், ஆறு மணிக்கு வண்டி. பத்து பதினொன்றுக்குத் திரும்பிச் சாப்பாடு, பிறகு தூக்கம். மூன்றரைக்குத் தேநீர், நான்கு மணிக்கு மீண்டும் வண்டி. சூரியன் மறையும்போது ஆற்றங்கரையில் ஒரு நிறுத்தம். அதன்பின் தேடுவிளக்கோடு இரவுச் சுற்று. பல நாடுகளின் தேசியப் பூங்காக்களில் கிடைக்காத அனுமதி இது. புனுகுப்பூனை, முள்ளம்பன்றி, வேட்டைக்குக் கிளம்பும் சிறுத்தை எல்லாம் இந்த நேரத்துப் பிராணிகள். எட்டு மணிக்கெல்லாம் வண்டிகள் பூங்காவை விட்டு வந்துவிட வேண்டும்.

வண்டியில் எழுந்து நிற்காதீர்கள், கையை வெளியே நீட்டாதீர்கள், கத்தாதீர்கள். விலங்குகள் வண்டியை ஒரே உருவமாகப் பார்த்துப் பழகியவை. அந்த உருவத்திலிருந்து ஒரு மனிதர் பிதுங்கித் தெரிந்தால்தான் சங்கடம். காண்டாமிருகத்தைக் காட்டச் சொல்லி வழிகாட்டியை நச்சரிக்க வேண்டாம். கள்ள வேட்டை அதைத் தெற்கு லுவாங்வாவிலிருந்து துடைத்துவிட்டது. 2003 முதல் மீண்டும் கொண்டுவந்து விட்டிருப்பது வடக்கு லுவாங்வாவில். அதற்குப் பதிலாக, உலகில் இந்தப் பள்ளத்தாக்கில் மட்டுமே வாழும் தார்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கியைக் காட்டச் சொல்லலாம்.

மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்ய ஒரு காரணம் உண்டு. வராந்தாவில் நாற்காலி போட்டு அசையாமல் உட்கார்ந்தால், வண்டியில் சுற்றிப் பார்த்ததில் பாதி உங்களைத் தேடி வரும். புக்கு மான்கள் தயங்கித் தயங்கிக் குடிக்க வரும். முதலை மணலில் வாயைப் பிளந்தபடி கிடக்கும். யானைக்கூட்டம் எதிர்க்கரையிலிருந்து ஆற்றைக் கடக்கும். குட்டிக்கு நீர் ஆழமானால் தும்பிக்கை மட்டும் மேலே தெரியும்.

இருட்டிய பிறகு

நீர்யானை பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும், இரவில் புல் மேயக் கரையேறும். ஒரே இரவில் சுமார் 40 கிலோ புல் தின்னும். விடுதியின் வெட்டிவிட்ட பசும்புல் அதற்கு விருந்து. குடிலுக்குப் பின்புறம் பகலில் நடந்து பார்த்தால் மாட்டுவண்டித் தடம் போல இரண்டு பள்ளங்களும் நடுவே ஒரு மேடும் ஆற்றை நோக்கி இறங்குவது தெரியும். வலது கால்கள் ஒரு பள்ளத்திலும் இடது கால்கள் மற்றதிலுமாகப் பல ஆண்டு நடந்து தேய்த்த வழி அது. ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த உடம்பு, மிரண்டால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஓடுவது பெரும்பாலும் தண்ணீரை நோக்கித்தான். அதற்கும் ஆற்றுக்கும் நடுவே நிற்பவரைச் சுற்றிக்கொண்டு போகும் பழக்கம் அதற்கு இல்லை.

ஆகவே இருட்டிய பிறகு காவலாளி இல்லாமல் அறையை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. பக்கத்துக் குடிலில் மறந்துவிட்ட சார்ஜருக்காகவும் கூடாது. நடைமுறை இப்படி:

1. சாப்பாட்டுக்குப் போக நேரமானதும் உள்ளேயே காத்திருங்கள். காவலாளி வந்து குரல் கொடுப்பார்.
2. அவருக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில், வரிசையாக நடக்கவும். அவர் டார்ச் ஒளியை இடமும் வலமும் வீசிக் கண்கள் மின்னுகின்றனவா என்று பார்த்தபடி போவார். பேச்சுக் கொடுத்து அவர் காதைக் கெடுக்க வேண்டாம்.
3. அவர் நின்றால் நிற்கவும். பின்வாங்கு என்றால் பின்வாங்கவும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பது அந்த நொடியில் மிக மோசமான யோசனை.
4. திரும்பி வந்ததும் ஜிப்பை அல்லது கதவை மூடிவிட்டு, 'சரி' என்று குரல் கொடுத்த பிறகே அவரை அனுப்பவும்.

நடுநிசியில் குடிலை ஒட்டிப் புல்லைக் கத்தை கத்தையாகப் பிடுங்கி மெல்லும் சத்தம் கேட்கும். இடையிடையே குடத்துக்குள்ளிருந்து சிரிப்பது போன்ற கனத்த உறுமல். கித்தான் துணி மெல்லியதுதான்; ஆனாலும் மூடிய கூடாரத்தை விலங்குகள் சுவராகவே பாவிக்கின்றன. உள்ளேயே இருக்கவும், விளக்கைப் போட்டு எட்டிப் பார்க்காமல் இருக்கவும். உடல்நலக் கோளாறோ உண்மையான அவசரமோ ஏற்பட்டால் மட்டும் விசில் அடிக்கவும். காலையில் ஷூவைத் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடவும். தேளுக்கு அது பிடித்த படுக்கை.

ஆற்றுநீரில் கால் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. முட்டியளவு நீரிலும் முதலை ஒளிந்திருக்கும். கலங்கிய நீரில் கண்ணுக்கே தெரியாது. தேங்கிய ஓரங்களில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி தோல் வழியே உடம்பில் ஏறும். கரையின் விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பதும் வேண்டாம். அடிமண்ணை ஆறு அரித்துக்கொண்டே இருப்பதால் கரை பொலபொலவென்று சரியும். இப்படி ஆறு திசை மாறித் திரும்பியதில் விட்டுப்போன குதிரைக் குளம்பு ஏரிகள் பள்ளத்தாக்கு முழுவதும் கிடக்கின்றன.

நடந்து போவது

இந்தப் பள்ளத்தாக்குக்குப் பேர் வாங்கித் தந்தது நடைசஃபாரி. 1950களின் தொடக்கத்தில் வனவிலங்கு அதிகாரி நார்மன் காரும் ந்செஃபு மூத்த தலைவரும் சேர்ந்து, பார்வையாளர் பணம் ஊருக்குப் போகும்படி இங்கே முகாம் தொடங்கினார்கள். துப்பாக்கி வேட்டைக்கு என்றிருந்த காலத்தில், பார்ப்பதற்காகவே ஆட்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போனவர் கார்.

வரிசை மாறாது: முன்னால் துப்பாக்கியோடு வனத்துறைக் காவலர், அடுத்து வழிகாட்டி, பின்னால் பயணிகள், கடைசியில் தேநீர்ப் பையைச் சுமப்பவர். பயணிகள் ஆறேழு பேருக்கு மேல் இருப்பதில்லை. சாம்பல் முடிச்சை உதறிக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்த பிறகே வழிகாட்டி திசையை முடிவுசெய்வார்.

கிளம்பும் முன் மனத்தில் ஏற்ற வேண்டியது ஒன்றுதான்: ஓடாதீர்கள். சிங்கத்தின் முன் ஓடினால் துரத்தும். எருமையோ யானையோ எதிர்ப்பட்டால், மரத்துக்கோ கறையான் புற்றுக்கோ பின்னால் போகச் சொல்வது வழிகாட்டியின் வேலை. அந்த ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டி வைத்திருப்பது உங்கள் வேலை. முழங்கால் வலியோ, ஆஸ்துமாவோ இருந்தால் முதல் நாளே சொல்லிவிடவும். பாதி வழியில் சொன்னால் மொத்தக் குழுவும் திரும்ப வேண்டிவரும். பெரிய விலங்கு எதுவும் கண்ணில் படாத நடையாகவும் அமையலாம். சிறுத்தையின் காலடி, கழுதைப்புலியின் வெண்ணிறச் சாணம், எறும்புச்சிங்கத்தின் குழி என்று மூன்று மணி நேரம் தரையைப் படிக்கத் தெரிந்தவரோடு நடப்பதை ஏமாற்றம் என்று எண்ணுபவர், ஜீப்பிலேயே போகலாம்.

கிளம்பும் நாள்

அன்பளிப்பு அங்கே வழக்கம், கட்டாயம் இல்லை. பொதுவாக வழிகாட்டிக்குத் தனியே கையிலும், சமையல்காரர் முதல் காவலாளி வரை அனைவருக்குமாகக் கூடத்தில் உள்ள பெட்டியிலும் போடுவார்கள். எவ்வளவு என்பதற்கு விடுதியே ஒரு குறிப்பு வைத்திருக்கும், மேலாளரைக் கேட்கலாம். நினைவுப்பொருள் வாங்குவதாக இருந்தால், கள்ள வேட்டைக்காரர்களின் சுருக்குக் கம்பிகளை வனக்காவலர்கள் கைப்பற்றிய பின் அவற்றைக்கொண்டு ம்ஃபுவே பெண்கள் செய்யும் நகைகளைத் தேடுங்கள். தந்தம், தோல், இறகு, கரையில் பொறுக்கிய பல் எதையும் தொட வேண்டாம். சுங்கத்தில் விளக்கம் எடுபடாது.

ஊர் திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் கடைசித் தவறு. முன்பு சொன்ன 7 நாளையோ 4 வாரத்தையோ எண்ணி முடிக்கவும். அடுத்த சில மாதங்களில் எப்போது காய்ச்சல் வந்தாலும், வைரல் காய்ச்சல் என்று பாராசிட்டமால் போட்டுப் படுக்காமல், அன்றே இரத்தப் பரிசோதனைக்குப் போகவும். சாம்பியா போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடவும்.